மேசையில் விட்டுப்போன புத்தகங்கள்

பல்கலைக்கழக நூலகத்தில் எல்லோருக்கும் அந்த நூலகர் ‘கறார் அக்கா’. நாற்காலி கோணலாக இருந்தாலே முகம் சுளிப்பார். தாவரவியல் பிரிவில் யாருமே புத்தகம் எடுத்துப் போவதில்லை என்று கணினி காட்டியதால், அதைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் இயக்குநர். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அங்கேயே போய் உட்கார்ந்து பார்த்தார். மாணவர்கள் கனத்த புத்தகங்களை விரித்துவைத்து இலைகளை வரைந்தார்கள்; பிறகு, ‘எடுத்ததை எடுத்த இடத்தில் வை’ என்று அவர் ஒட்டியிருந்த தாளுக்குப் பயந்து பழையபடி அடுக்கிவிட்டுப் போனார்கள். கணினிக்கு எப்படித் தெரியும்?

தாளைக் கிழித்துப் போட்டு, ‘மேசையிலேயே விட்டுவிடுங்கள்’ என்று புதிதாக ஒட்டினார். மாலைக்குள் மேசைகள் நிரம்பி வழிந்தன. ஒவ்வொன்றாக ‘இங்கேயே படித்தது’ என்று ஸ்கேன் செய்யச் செய்யத் திரையில் எண்ணிக்கை ஏறியது. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“சார், இந்த அலங்கோலத்தைக் கொஞ்சம் வந்து பாருங்க.”

வந்து பார்த்த இயக்குநர், “பிரிவு இருக்கட்டும்மா. இன்னும் ரெண்டு மேசை போடச் சொல்றேன்” என்றார்.

அதே துள்ளலோடு வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற கணவர் பதறிப்போய், மேசைமேல் கிடந்த நான்கு டீக் கோப்பைகளை அள்ளினார்.

“வைங்க கீழ,” என்றார் அக்கா. “இத்தனை நாளா நீங்க தனியா உக்காந்து டீ குடிக்கிறீங்கன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்.”