திருநீறு தின்ற நாட்களும் கைமாறிய விரதமும்

அம்மனை நம்பி வாழும் சகோதரிகளே, என் பெயர் யசோதா. ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை முகம் பார்க்காமலே பறிகொடுத்தவள் நான். முதலாவது 1985 ஐப்பசியில், மூன்றாம் மாதத்திலேயே கலைந்தது. அடுத்தது ஐந்து மாதம் தங்கியது. 1986 புரட்டாசியில் அதுவும் போயிற்று. அதற்குப் பிறகு தெருவில் யார் வீட்டு வளைகாப்புக்கும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அதுதான் அதிகமாக வலித்தது.

அந்தக் கார்த்திகையில் எங்கள் தெருக்கோடி அம்மன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் மட்டும். மற்ற நாட்களில் ஒரு வேளைச் சோறு. ஒரு பிள்ளை என் மடியில் வரும்வரை இப்படித்தான் என்று கற்பூரத்தை ஏற்றிச் சொல்லிவிட்டேன். மாமியார் தடுக்கவில்லை. அவரும் பேரப்பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர்தான்.

விரதம் தொடங்கி நாலைந்து மாதத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. கோயிலில் தரும் திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு மிச்சத்தை வாயில் போடுவது எல்லோருக்கும் வழக்கம். எனக்கு அந்த மிச்சம் போதவில்லை. பொட்டலமாக வாங்கி வந்து ஒளித்து வைத்துத் தின்றேன். மழை பெய்து மண் வாசனை வந்தால் நாக்கில் எச்சில் ஊறும். எதையும் ஏன் என்று கேட்காமல் விடுகிற புத்தி எனக்குக் கிடையாது. சின்ன வயதில் இதற்காகவே அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் இதற்கு மட்டும் நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேன். அம்மன் என்னைத் தன் பக்கம் இழுக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

1987 ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு. அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று ஊற்றியது நான்தான். சொம்போடு வந்தவர்களில் எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் சகுந்தலாவும் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். கூழை வாங்கிக்கொண்டு நகராமல் என்னையே பார்த்தாள்.

"இன்னிக்கி இன்னா சாப்ட்ட?" என்றாள்.

"விரதம்" என்றேன்.

"நேத்து?"

சொன்னேன். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். "காகிதமாட்டம் வெளுத்துகீது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நொடியே கண் இருட்டிக்கொண்டு வந்து அவள் மேலேயே சாய்ந்துவிட்டேன்.

மறுநாள் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்தது. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். மண்ணோ சாம்பலோ தின்னத் தோன்றுகிறதா என்று அவளே கேட்டாள். ஒளித்து வைத்த பொட்டலம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துவிட்டேன்.

"இரும்புச்சத்து கொறைஞ்சா சில பேருக்கு அப்படித்தான். சாம்பலு, செங்கல்லு, பச்சரிசின்னு நாக்கு அலையும்."

என் பக்தியைப் போய் நோய் என்கிறாளே என்று அவமானமாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அம்மன் கூப்பிடுவதாக இருந்தால் சாமி அறையில்தானே ஆசை வர வேண்டும்? எனக்குச் செங்கல் சூளையைத் தாண்டும்போதும் அல்லவா வருகிறது? அன்று சாயங்காலம் கோயிலில் உட்கார்ந்து வாய்விட்டே கேட்டேன். "அம்மா, எனக்கு ஒண்ணும் புரியல. நீயே சொல்லு."

நர்ஸ் சொன்னது இதுதான். அடுத்த பிள்ளைக்கு அவசரப்படக் கூடாது. பயிர் வைக்கும் முன்பே நிலத்துக்கு எரு போடுகிற மாதிரி, உடம்பைத் தேற்றிக்கொண்டுதான் உண்டாக வேண்டும். அதற்கு மூன்று வேளையும் சாப்பிட வேண்டும். அப்படியானால் விரதம்? அதை முறித்துவிட்டு, அம்மன் கோபத்தில் இன்னொரு பிள்ளையும் போய்விட்டால்?

பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாக அம்மன் காலடியில் வைத்தார் பூசாரி. வெள்ளை வந்தால் சம்மதம். விரதத்தை விடலாமா என்று கேட்டேன். அந்த நேரத்தில் கும்பிட வந்த மீன்காரம்மாவை எடுக்கச் சொன்னார். கூடையை வெளியே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு அரளி.

வீட்டுக்கு வந்து விழுந்து அழுதேன். சாப்பிட்டால் சாமி குற்றம், சாப்பிடாவிட்டால் பிள்ளை இல்லை. நான் எங்கே போவேன்? இரண்டு நாள் கழித்து மாத்திரையோடு சகுந்தலா வந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சாமிகிட்ட இன்னான்னு கேட்ட?"

"விரதத்த உட்லாமான்னு."

"உடாதேன்னு சொல்லிச்சி. சரிதானே? கொடுத்த வாக்க யாரு உடச் சொல்லுவா? ஏன், ஒன் ஊட்ல வேற யாருக்கும் வயிறு இல்லியா?"

என் வீட்டுக்காரர் தனசேகர் அப்போதுதான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை முடிந்து சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். இரண்டு பிள்ளைகள் போனபோதும் ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குப் போனவர். அதற்காக நான் அவரை மனதுக்குள் திட்டிய நாட்கள் உண்டு.

"செவ்வா, வெள்ளி ரெண்டையும் நான் எடுத்துக்கறேன்" என்றார். "டெய்லி ஒரு வேளைன்றத மட்டும் அம்மா மன்னிச்சுக்கட்டும். மிஷின்ல நிக்கணும்."

மறுபடியும் பூ வைத்தோம். இவர் பேருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். வந்தது வெள்ளை நந்தியாவட்டை. அம்மா எனக்குப் பதில் சொல்லிவிட்டாள். நான்தான் முதலில் கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன்.

அதன்பிறகு சாப்பிட்டேன். கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை, தினம் ஒரு முட்டை, வேர்க்கடலையும் வெல்லமும். இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போட வேண்டும், சோறு தின்ற கையோடு டீ குடிக்கக் கூடாது என்றாள் சகுந்தலா. ஏன் என்று கேட்டேன். டீ அந்தச் சத்தை உடம்பில் ஒட்ட விடாதாம். கார்த்திகை வாக்கில் ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது திருநீற்றுப் பொட்டலம் தட்டுப்பட்டது. பிரிக்கவே இல்லை. பல நாட்களாக அதன் நினைப்பே வரவில்லை. பக்தி போய்விட்டதோ என்று ஒரு கணம் பயந்தேன். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் மட்டும் இட்டுக்கொண்டேன். மனம் நிறைந்துதான் இருந்தது.

இவர் பாடுதான் திண்டாட்டம். வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸ் இல்லாமல் போனால் கூட வேலை செய்கிறவர்கள், "இன்னா மாமே, ஊட்ல மாசமா கீறது நீயா?" என்று ஓட்டுவார்களாம்.

மாசியில் இரத்தம் பதினொன்றரைக்கு வந்தது. 1988 வைகாசியில் நாள் தள்ளிப்போனது. ஏழாம் மாதத்தில் மாமியார், "அதிகமா துன்னாத, கொழந்த பெருத்துட்டா பிரசவம் கஷ்டம்" என்று தட்டில் கை வைத்தார். அவர் காலத்துப் பயம் அவருக்கு. "அத்த, ஐஞ்சாம் மாசத்த தாண்டிட்டேன், இனிமே இத பசியில உட மாட்டேன்" என்றேன். அவர் கண் கலங்கி, இன்னொரு கரண்டி கீரை வைத்தார்.

1989 தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ தொள்ளாயிரம். அதன் அழுகையைக் கேட்டபோது நானும் சேர்ந்து அழுதேன்.

வேண்டுதல் அன்றோடு முடிந்தது. பொங்கல் வைத்துப் படையலும் போட்டோம். இவர் செவ்வாய்க்கிழமையை விட்டுவிட்டார். வெள்ளியை விடவில்லை. என் மகளுக்கு இப்போது எட்டு வயதாகிறது, இன்னும் விடவில்லை. சாமி கேட்டது தீர்ந்துபோயிற்றே, இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னாடி போன ரெண்டுக்கும் நான் ஒண்ணுமே பண்ணலியே, யசோதா. நீயாவது அழுத."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளுக்காக அழுதோம். அம்மா எனக்குக் கொடுத்தது ஒரு பிள்ளை மட்டுமல்ல என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

சகோதரிகளே, உங்களுக்கும் குறை இருந்தால் அவளிடம் கேளுங்கள். முதல் பதிலைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள், மறுபடியும் கேளுங்கள். நர்ஸ் வாயாலும் சொல்லுவாள், கட்டியவன் வாயாலும் சொல்லுவாள். ஆனால் வயிறார ஒருவாய் சாப்பிட்டுவிட்டுப் போய்க் கேளுங்கள். மகள் பட்டினியாக வந்து வாசலில் நின்றால் எந்தத் தாய்க்கும் மனசு தாங்காது.