சூட்டறைச் செருப்பு

ஆராய்ச்சிப் பண்ணையின் கண்ணாடி வீட்டில் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. அங்கே ஒரு சூட்டறை. இனி வரப்போகும் கோடைகளின் அளவுக்கு வெக்கையைக் கூட்டி வைத்து, காய்த்த விதையை மறுபடி அதே மண்ணிலேயே விதைத்து வந்தார்கள். தலைமுறை போகப் போக மண்ணின் நுண்ணுயிர்கள் சூட்டுக்குப் பழகின. அவற்றோடு ஒட்டி வளர்ந்த செடிகளும் இலை சிறுத்து, அவசர அவசரமாகப் பூத்தன. வெளி விதையை அங்கே போட்டால் முளைத்த கையோடு கருகியது. அந்த மண் வெளியே போய்விடக் கூடாதென்றுதான் அந்த அறைக்குத் தனிச் செருப்பு.

ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்கும் பதற்றத்தில் அந்தச் செருப்போடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த பருவத்தில் கொல்லைத் தக்காளி இலை சிறுத்து, முன்கூட்டியே பூத்தது. செருப்பில் ஒட்டி வந்த மண்தான் காரணம் என்று கணவரிடம் சொன்னாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று சிரித்தார் அவர். "போயும் போயும் ஒரு செருப்புக்கா பயப்படுறே?"

சிரிப்பவருக்கு என்ன தெரியும்? மறுநாளே பண்ணை அதிகாரியம்மாவிடம் அழுதாள். "எல்லாம் என்னால வந்த வினைங்கம்மா."

அதிகாரி வந்து கொல்லையைப் பார்த்தார். மதில்மேல் எட்டிப் பக்கத்து வீட்டைப் பார்த்தார். தெருக்கோடி வரை போய்த் திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"உங்க செருப்பு தெரு முழுக்கவா நடந்துச்சு? எல்லா வீட்லயும் இப்படித்தாம்மா இருக்கு. அந்தச் சூடு வெளியவே வந்துருச்சு. மண்ணும் பழக ஆரம்பிச்சிருச்சு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாப் பாருங்கம்மா. என் செருப்பாத்தான் இருக்கும்."