ரோமாபுரி அம்மனும் லெமன் கேர்ளும்

தொண்ணூறுகளின் கடைசியில், மகளின் மூன்றாம் வகுப்பை மியூசியத்துக்கு அழைத்துப் போன பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நானும் ஏறினேன். சுகர் லேண்டிலிருந்து ஹூஸ்டன் போய்ச் சேரும்வரை அவள் எனக்கு ஒரே பாடம்தான் நடத்தினாள்.

"அப்பா, ப்ளீஸ், டோன்ட் டூ எனி சாமி ஸ்டஃப்."

"நான் என்னம்மா பண்ணப்போறேன்?"

"யூ டிட் த லெமன்!"

புது வேன் வாங்கியபோது நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். அவள் வகுப்பிலேயே படிக்கும் எதிர்வீட்டுப் பையன் பார்த்துவிட்டான். மறுநாளிலிருந்து வகுப்பில் இவள் பெயர் 'லெமன் கேர்ள்'. இப்போதுதான் அது மெல்ல ஓய்ந்திருந்தது. இன்னொன்று சேர்ந்தால் வருஷம் முழுக்கத் தீராது. பாவம், அழுகிற குரலில்தான் கேட்டாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

ரோமானியர் கூடத்தில் நடுநாயகமாக ஒரு வெண்கல அம்மன் நின்றாள். இரண்டாயிரம் வருஷத்துப் பச்சை படிந்திருந்தது. மடிப்பு மடிப்பாகப் புடவை மாதிரி ஏதோ ஓர் உடை. வலக்கை முழங்கையோடு போயிருந்தது. என் கை தானாகக் கன்னத்துக்குக் கிளம்பியது. பிடித்துப் பேன்ட் பாக்கெட்டில் திணித்தேன். பின்னமான சிலை, கும்பிடக்கூடாது என்று மனசுக்கும் சமாதானம் சொன்னேன். எங்கள் ஊரில் இவளை ஆற்றில் விட்டிருப்பார்கள். இங்கே ஏசி போட்டு வைத்திருக்கிறார்கள்.

டீச்சர் விளக்கிக்கொண்டிருந்தார். முன்னால் நகர்ந்த என் மகளின் ஷூ, பீடத்தில் 'டொக்'கென்று இடித்தது.

அடுத்த நொடி அவள் குனிந்து, அம்மன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அலாரம் அலறியது. கார்டு ஓடி வந்தார். மொத்த வகுப்பும் அவளையே பார்த்தது. நான் இரண்டு கையும் பாக்கெட்டில் இருக்க, பரம யோக்கியனாக நின்றேன்.

"ஒய் டிட் யூ டச் இட், ஸ்வீட்டி?" என்று கேட்டார் கார்டு.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஐ கிக்ட் ஹர். யூ ஹாவ் டு சே சாரி."

கார்டு அவளையும் அம்மனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓகே. நெக்ஸ்ட் டைம், ஜஸ்ட் சே இட்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுப் பையன் மட்டும் தன் ஷூவைப் பார்த்துவிட்டு, பீடத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை முகத்தில் காட்டியிருக்கக் கூடாது.

திரும்பும் பஸ்ஸில், "இட்ஸ் ஆல் யுவர் ஃபால்ட்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமாகக் காலை மாற்றிப் போட்டபோது ஷூ என் முழங்காலில் பட்டது. முறைத்துக்கொண்டே தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.