பக்கம் திருப்பியவர்

மெல்பேர்னில் எங்கள் பகுதி சிம்பொனி இசைக்குழுவின் சீசனுக்கு வருடா வருடம் டிக்கெட் வாங்கிவிடுவேன். விருந்தினராக வரும் பியானோ கலைஞர்களைவிட, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இசைத்தாளின் பக்கங்களைத் திருப்பும் யாழ்ப்பாணத்துப் பெண்மணியைத்தான் அதிகம் கவனித்திருக்கிறேன். கறுப்பு உடை, இறுக வாரி முடிந்த நரை. மேடையேறும் முன் வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வார். ஒரு சிணுங்கல்கூடக் கேட்கக் கூடாதாம்.

சென்ற மாதக் கச்சேரியில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இடைவேளையில் அவர் வெளியே நின்று வளையல்களை மாட்டிக்கொண்டிருந்தார். நேரே போய்ச் சொன்னேன்.

"அந்த மெதுவான பகுதியில அழுதுட்டேன் அக்கா."

"அப்பிடியோ? நான் கேக்கேல்லை."

"பக்கத்துலதானே இருந்தீங்க!"

"ஓம். சிட்னியில இருக்கேக்க ஒருக்காக் கேட்டனான். கேட்டுக்கொண்டே இருந்ததில பக்கம் திருப்ப மறந்திட்டன். வாசிச்ச மனுசன் நடுவில நிண்டிட்டார். ஓர்கெஸ்ட்ராவும் நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு கண்ணை மட்டும்தான் தாளில வைக்கிறனான். காதைக் குடுக்கிறேல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பியானோவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, இத்தனை வருடமாக எதையுமே கேட்காமலா? யார் விதித்த தண்டனை இது?

அவர் கடைசி வளையலையும் மாட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கள் கேட்டனீங்கள்தானே. எப்பிடி இருந்தது? சொல்லுங்கோவன்."

வாயைத் திறந்தேன். எல்லாரையும் உள்ளே அழைக்கும் மணி அடித்தது. அவர் நகரவில்லை.