கழற்றிப் போட்ட பெட்டி

இது நடந்த சங்கதி. நம்பாதவர்கள் வவுனிக்குளம் குடியேற்றத்துக்குப் போய் நாகேஸ்வரி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். பிறகு வந்து என்னோடு வாதாடுங்கள்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, வைகாசி மாதம். நாகேஸ்வரிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு இரண்டு காலும் போய்விட்டன. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை ஒருதரமாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்காகவே கையில் கிடந்த காப்பைக் கழற்றித் தம்பி தவராசாவிடம் கொடுத்தாள். அவன் அதை விற்ற காசில், மாங்குளத்துக் கடையடியில் வைத்து, முல்லைத்தீவு மரியநேசனிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினான். பட்டாளத்தில் ஓடிய பெரிய வண்டி. இடப்பக்கத்தில் ஓர் ஆள் இருந்து போகப் பெட்டியும் பூட்டியிருந்தது.

மரியநேசன் பஸ் ஏறியதும் கடையடி இளவட்டங்கள் சூழ்ந்துகொண்டார்கள். எஞ்சின் உறுமியபோது வாயைப் பிளந்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் சிரித்தார்கள்.

“உதென்னடா, நொண்டி அக்காவுக்குப் பல்லக்கோ?”

“சீச்சீ! உதை ஆர் கொண்டு போறது?” என்றான் தவராசா.

அவனே முன்னின்று பெட்டியைக் கழற்றிக் கடைக்குப் பின்னால் போட்டான். அக்காவுக்குச் சொல்ல ஒரு பொய்யையும் தயார் பண்ணிக்கொண்டான். பாவி.

நாலு மணி வெயில். மல்லாவி றோட்டில் ஏறியதும் வண்டி இடப்பக்கம் இழுத்தது. பெட்டி இருந்தால் இழுக்கும், சரி. பெட்டிதான் இல்லையே...

எதிரே வந்த மாட்டுவண்டி, வேண்டியதற்கு மேல் அகலமாக ஒதுங்கியது. வண்டிக்காரர் கையைக் காட்டிக் கத்தினார்.

“தம்பி, பிள்ளைக்கு வெயில் படுது!”

எந்தப் பிள்ளை? இடப்பக்கம் பார்த்தான். ஒன்றுமில்லை. புழுதிதான்.

இருமல் கேட்டது.

மிக அருகில்... முழங்காலடியில்.

அக்காவுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்தான். வேகத்தை முறுக்கினான்.

நாகேஸ்வரி அடுப்படி வாசலில் உயிரோடுதான் இருந்தாள்.

“பெட்டி எங்கையடா தம்பி?”

“அது... உடைஞ்சு போச்சு, அக்கா.”

“அப்ப அந்தப் பிள்ளை எதில இருந்து வந்தது?”

தவராசா திரும்பி வண்டியைப் பார்த்தான்.

“வெள்ளைச் சட்டை. தலையில வெள்ளை வலை. பாவம், அதுக்கும் கால் ஏலாது போல. இறக்கி விடடா.”

மறுநாள் முல்லைத்தீவுக்கே போனான். விஷயத்தைக் கேட்டதும் மரியநேசன் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

“கழட்டிப்போட்டீரோ? நானும் ஒருக்கால் கழட்டினனான், தம்பி. மகளுக்கு, வெள்ளைச் சட்டையும் வலையும் போட்டுச் சாமியார் முதல் நன்மை குடுக்கிற நாள். கோயிலடியில சனத்துக்கு முன்னால அவளைத் தூக்கி இறக்க எனக்கு வெக்கம். அவளை வீட்டில விட்டிட்டுப் போயிட்டன். நான் போன பிறகு, அந்த வெள்ளைச் சட்டையோட பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து றோட்டுக்கு வந்திருக்கு... லொறி அடிச்சுப் போட்டுது.”

தவராசா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூசியது.

அன்றைக்கே பெட்டியைப் பூட்டினான். பொங்கலன்று அதே கடையடியால், அதே இளவட்டங்களுக்கு முன்னால், அக்காவை ஏற்றிக்கொண்டு போனான். முகம் எரிந்தது. ஆனாலும் மெதுவாகத்தான் ஓட்டினான்.

நாகேஸ்வரி பெட்டியின் ஓரத்தில் ஒடுங்கிப்போய் இருந்தாள்.

“வடிவா இருங்கோவன், அக்கா.”

“எப்பிடியடா இருக்கிறது? இவளுக்கும் இடம் விட வேணுமெல்லே.”