வலப்பக்கம் கை, இடப்பக்கம் மிஷின்

கோத்தன்பர்க் நகரத்து மீன் மண்டபத்தில் ரக்னில்டுக்கு ஒரு கடை இருந்தது. மீனுக்குச் செதில் சீவும்போதும் பேசுவாள், நிறுக்கும்போதும் பேசுவாள், வாங்கியவர் போன பிறகு அவரைப் பற்றிப் பேசுவாள். மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அப்படி ஒரு பிறவிக்குத்தான் ஆண்டவர் இந்தச் சோதனையைக் கொடுத்தார்.

ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு ஈறு வீங்கியது. மொறுமொறு ரொட்டியைக் கடித்தால் ரொட்டியில் ரத்தம். கடைவாயில் இரண்டு பக்கமும் பல் லேசாக ஆடியது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளம் விழுந்து, உள்ளே வேரில் காரை கல்லாக இறுகிக் கிடக்கிறது, அதை எடுக்காவிட்டால் பல் தங்காது என்று பல் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அங்கே அப்போது ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வேரைக் கைக்கருவியால் சுரண்டுவது நல்லதா, அதிர்கிற மிஷினால் தட்டி எடுப்பது நல்லதா? ஒரே ஆளின் வாயில் ஒரு பக்கம் கை, மறுபக்கம் மிஷின். சேர விருப்பமா என்று, பல் சுத்தம் செய்யும் பெர்னிலா கேட்டாள்.

"அதுக்கு எதுக்கும்மா என் வாய்?"

"உங்க வாய் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டுப் போயிருக்கு, ரக்னில்ட். அப்படித்தான் எங்களுக்கு வேணும்."

"என் புருஷன்கூட என்னை இவ்வளவு அழகா புகழ்ந்ததில்ல. சரி, எடுத்துக்கோ."

"ஒண்ணே ஒண்ணு. எந்தப் பக்கம் எதுங்கறது ஓர்யான் காதுக்குப் போகவே கூடாது. பள்ளத்தை அளக்கப் போறது அவர்தான். தெரிஞ்சுபோச்சுன்னா அவரையும் அறியாம ஒரு பக்கம் சாஞ்சிடுவார். அப்புறம் உங்க வாயைக் கணக்குல சேர்க்க மாட்டோம்."

அங்கேதான் சிக்கல். பல் டாக்டர் ஓர்யான் வருஷக்கணக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் கடையில் மீன் வாங்குகிறவர்.

ஓர்யான் முதல் அளவை எடுத்துவிட்டுப் போன பிறகு சீட்டு எடுத்தார்கள். வலப்பக்கம் கை. மரத்துப்போக ஊசி போட்டு, முனை வளைந்த மெல்லிய இரும்பை ஈறுக்குள் விட்டு, பெர்னிலா வேர் வேராகச் சுரண்டினாள். கர், கர் என்று மண்டைக்குள் கேட்டது. நடுநடுவே கண்ணை மூடி, விரலாலேயே சொரசொரப்பைத் தேடினாள். மீனில் முள் தேடும் கை இது என்று ரக்னில்டுக்குப் புரிந்தது. இடப்பக்கத்துக்கு மிஷின். ஊசிபோல முனை, கொசு பாடுகிற ரீங்காரம், கன்னமெல்லாம் தண்ணீர். வேலையும் சீக்கிரம் முடிந்தது. பெர்னிலா மணிக்கட்டை உதறிக்கொண்டு, "இது என் கைக்குப் புண்ணியம்" என்று சிரித்தாள்.

மண்டபத்தில் செய்தி பரவ ஒரு காப்பி நேரம் போதுமாயிருந்தது. பக்கத்துப் பாலாடைக்கட்டிக் கடை சூனே மிஷின் கட்சி. மீன்காரர்கள் எல்லாரும் கத்தி பிடிக்கிறவர்கள், ஆகவே கை கட்சி. தோற்கிற கட்சி மற்றவர்களுக்குக் காப்பி வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம்.

"எந்தப் பக்கம்னு எங்கிட்ட மட்டும் சொல்லேன்" என்றான் சூனே.

"உங்கிட்ட சொல்றதும் மைக்கு வச்சுக் கத்தறதும் ஒண்ணு."

"அடேயப்பா! ஆறு மாசம் தாங்குவியா? அதுக்குள்ள வெடிச்சுப் போயிடுவே!"

அவள் ஒரு துண்டு ரொட்டியை எடுத்துத் தன் வாயிலேயே திணித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஓர்யான் கடைக்கு வரவில்லை. ஒரு வெள்ளி போயிற்று, அடுத்த வெள்ளியும் போயிற்று. ஒருநாள் கால்வாய்க் கரையில் தூரத்தில் வந்தவர், இவளைக் கண்டதும் பாலத்தின் மறுபக்கமாகத் திரும்பி நடந்தார்.

"உன் வாய்க்குள்ள எட்டிப் பார்த்த மனுஷன்! அப்புறம் உன் கையால மீன் எப்படி இறங்கும்?" என்றான் சூனே.

எப்போதும் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பவள் அன்று ஐஸை மட்டும் கொட்டினாள். சூனேக்கே சங்கடமாகிவிட்டது.

நேரே போய் ஏன் வரவில்லை என்று கேட்டுவிடலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால் எதில் ஆரம்பித்து எதில் முடியும் என்று அவளுக்கே தெரியாது. கோயிலில் எல்லாரும் பாடும்போது அவள் மட்டும், "ஆண்டவரே, பல்லைப் பிறகு பார்த்துக்கலாம், முதல்ல இந்த நாக்கைப் பிடிச்சுக்கோங்க" என்று வேண்டினாள். வீட்டில் குட்டிப் பிரஷ்ஷால் பல்லிடுக்கைத் தேய்க்கும்போது, கை தானாக வலப்பக்கம் கூடுதலாக நிற்கப் பார்க்கும். கத்திக்காரி மனசு கை கட்சிதானே! உடனே இழுத்துக்கொள்வாள். தராசில் விரல் வைக்காதவள் இதில் மட்டும் வைப்பாளா?

ஆறு மாதம் கழித்து ஓர்யான் அளந்தார். பள்ளத்தில் கோடு போட்ட கம்பியை இறக்கி எண்ணைச் சொல்லச் சொல்ல, நர்ஸ் எழுதினாள். முன்பு ஏழு, ஆறு என்று கேட்ட இடத்தில் இப்போது மூணு, மூணு, ரெண்டு. ஆடிய பற்கள் உறுதியாக நின்றன. முகத்தைப் பார்க்காமல் அவர் கேட்டார்: "எல்லாம் எப்படி இருந்துச்சு, ரக்னில்ட்?"

கையும் மிஷினும், வலித்ததும் வலிக்காததும், பாலத்தில் அவர் திரும்பிப் போனதும், எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது.

"நல்லா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். அவளிடம் மீன் வாங்குகிற நர்ஸ் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

ஆராய்ச்சியில் அவள்தான் கடைசி ஆள். சில வாரத்தில் முடிவு வந்தது. கையும் மிஷினும் சமம். மிஷினுக்கு நேரம் குறைவு, அவ்வளவுதான். இரண்டு கட்சியும் தோற்று, அவரவர் காப்பிக்கு அவரவரே காசு கொடுத்துக் குடித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஓர்யான் கடை முன்னால் வந்து நின்றார்.

"எங்க போயிருந்தீங்க இத்தனை நாளா?" என்றாள் ரக்னில்ட்.

"சூப்பர் மார்க்கெட்டுக்கு. ஐஸ் கட்டியா உறைஞ்ச மீன், அட்டைப்பெட்டியில."

"என் வாயைப் பார்த்து அருவருப்பாயிடுச்சா?"

"ஐயோ, என்ன பேச்சு இது! பயம்மா, பயம்! இங்க வந்து நின்னா நீங்க சொல்லிடுவீங்க. உளறிக்கொட்டி மூணு பேர் கணக்கை விட்டுப் போயிட்டாங்க. நாலாவது நீங்கதான்னு நான் நினைச்சேன். கடைசியில அந்த வாய் பூட்டே போட்டிருந்துச்சு."

ரக்னில்ட் கத்தியைக் கீழே வைத்தாள். முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்:

"டேய் சூனே! இங்க வந்து கேளுடா! கணக்குல நிக்கிற வாய்டா இது! நான் பேசிடுவேன்னு ஆறு மாசம் அட்டைப்பெட்டி மீன் தின்னிருக்கார் இந்த மனுஷன்!"

கூடையிலேயே பெரிய மீனாகப் பார்த்துத் தூக்கிப் பலகையில் போட்டாள்.

"நல்லா நில்லுங்க, ஓர்யான். இப்ப சொல்லலாமில்ல? வலப்பக்கம் இருக்கே…"

பின்னால் வரிசை நீண்டது. ஓர்யான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முழுவதையும் நின்று கேட்டார்.