அலாரத்தை நிறுத்தியது நான்

டொக்டர், நீங்கள் பொய் எழுதினீர்கள். அந்தச் சுவாச இயந்திரம் பழுதாகவில்லை. அதன் அலாரத்தை நிறுத்தி வைத்தது தாதியான நான்.

கண்டியில் குண்டுப் பயம் இருந்த காலம். அலாரம் கத்தினால் தாய்மார் பதறி ஓடுவார்கள். அதனால் குறைமாதக் குழந்தைகளின் வார்டில் சத்தத்தை நிறுத்திவிடுவோம்.

அன்று மடவளை ஊர்த் தாய் ஒருத்தி வந்து, "மிஸ்ஸி, புள்ளட மூக்குக் குழாய் கழண்டிருக்கு" என்றாள்.

"ஒட்சிசனை மெஷின் பாத்துக் குடுக்கும். நீங்கள் போய் இருங்கோ" என்றேன். எழுந்து பார்க்கவில்லை.

மறுபடி வந்தவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை நீலமாகிக் கிடந்தது. காப்பாற்ற முடியவில்லை.

இறப்பு அறிக்கையில் இயந்திரப் பழுது என்று நீங்கள் எழுதினீர்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். "நீங்க என்ன செய்ய மிஸ்ஸி, மெஷின்ட பிழைதானே" என்று அவள் என்னைத் தேற்றினாள்.

டொக்டர், ஏன் அப்படி எழுதினீர்கள்? அவள் முன்னால், எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள். நானும் வந்து நிற்பேன்.